“சரியா வரும்” என்றான் வசந்தகுமார்

எழில்மொழி சிரித்தாள். அன்று காலையில் அது நான்காவது முறை. வசந்தகுமார் எண்ணிக்கொண்டிருந்தான்.

திருத்துறைப்பூண்டி அரிசி ஆலையின் எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரில் அவள் சாக்பீஸால் படம் போட்டுக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து புறப்படும் நெல் யார் யார் கை மாறி அரிசிப் பையாகிறது, வழியில் எந்தக் கம்ப்யூட்டர் எதற்குத் தகவல் சொல்கிறது என்ற படம். சுற்றிலும் லாரி டிரைவர்களும் மூட்டை தூக்குபவர்களும் நின்றார்கள். நின்றது மட்டுமா, சண்டைக்கே வந்தார்கள்.

“ஈரம் பாக்குறது எடைக்கு அப்புறம்னு போட்டிருக்கீங்க. முன்னாடில்ல பாப்போம்?”

“அப்படியா? நீங்களே அழிச்சுட்டு மாத்திப் போடுங்கண்ணே” என்று சாக்பீஸை நீட்டினாள். ஐந்தாவது சிரிப்பு.

இதே விஷயத்தை வசந்தகுமார் அறுபத்து நான்கு ஸ்லைடுகளில் செய்து வைத்திருந்தான். முதலாளி ஹாஜா மைதீன் பதினோராவது ஸ்லைடில் போன் வந்ததாகச் சொல்லி எழுந்து போனவர், திரும்பவில்லை.

வசந்தகுமார் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். ஒரு நிறுவனத்தின் ஆட்கள், வேலைகள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் எப்படி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று திட்டம் போடுகிற உத்தியோகம். சென்னையில் பதினோரு வருடம். நான்கு சான்றிதழ்கள். எழில்மொழி பிசினஸ் டிசைனர், வேலை நடக்கும் முறையை வடிவமைப்பவள். தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பெண், அனுபவம் மூன்றே வருடம்.

தன் மூன்று ஆலைகளையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவர இருவரையும் ஒன்றாக வேலைக்கு எடுத்தபோதே முதலாளி சொல்லியிருந்தார்.

“சம்பா கொள்முதல் தொடங்குற அன்னிக்கு முடிவு பண்ணுவேன். ஒருத்தர் தலைமை. இன்னொருத்தர் அவருக்குக் கீழ. பிடிக்கலைன்னா போயிக்கலாம்.”

வசந்தகுமாருக்குத் தலைமை வேண்டும். அதைவிட, அவளுக்குக் கீழே உட்காரக் கூடாது.

கொள்முதலுக்கு ஒரு வாரம் முன்பு, ஆலை வாசல் டீக்கடைக்கு அவனைத் தேடி வந்தாள் அவள். கையில் டேப்லெட்.

“சார், ஒரு சந்தேகம். விவசாயி யாருங்கிறதுக்கு அடையாளமா பட்டாவை வச்சிருக்கேன். பட்டாவுல இருக்கிற பேரும் ஆதார் பேரும் ஒண்ணா இருந்தாத்தான் கேட்ல டோக்கன் வரும். வேற ஆளு பேர்ல யாரும் நெல்லு போட முடியாது.”

“சரி.”

“எங்க ஊர்ல மீன்பிடி போட்டு யார் பேர்ல பதிவாயிருக்கோ அவர்தான் ஓனர். நிலத்து விஷயம் எனக்குத் தெரியாது. நீங்க இந்தப் பக்கத்து ஆளு. இது சரியா வருமா?”

வசந்தகுமார் டீயை ஒரு வாய் உறிஞ்சினான்.

வராது. அது அவனுக்குத் தெரியும். அவன் அப்பா சாகும்வரை உழுதது கோயில் நிலம், ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். பட்டா கோயில் பெயரில். பக்கத்து வயல் மடத்துக்குச் சொந்தம். அதற்கடுத்த வயலின் பட்டாதாரர் செத்து முப்பது வருடம், பங்காளிகள் இன்னும் பெயர் மாற்றவில்லை. இந்தப் பக்கத்தில் நாற்று விடுகிறவன் ஒருவன், பட்டாவில் இருக்கிறவர் வேறொருவர். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர், “பாப்பாவுக்கு இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்” என்று தனியாக ஒரு கிளாஸை அவளிடம் நீட்டினார். ஆறு மாதமாக அதே கடையில் டீ குடிக்கும் வசந்தகுமாருக்கு ஒருநாளும் அவர் இஞ்சி தட்டியதில்லை.

“சரியா வரும்” என்றான்.

கொள்முதல் தொடங்கிய காலை. ஒன்பது மணிக்குள் இருபத்திரண்டு டிராக்டர்கள் வரிசையில் நின்றன. வானம் மூடியிருந்தது.

முதல் டிராக்டர் சாமிதுரையுடையது. கேட்டில் இருந்த கருவி அவர் ஆதாரைப் படித்தது, பட்டா எண்ணைப் படித்தது, சிவப்பாக எரிந்தது. பெயர் பொருந்தவில்லை.

இரண்டாவது டிராக்டர். சிவப்பு.

மூன்றாவதும் சிவப்பு.

“கோயில் நிலம்மா அது” என்றார் சாமிதுரை. “பட்டா சாமி பேர்லதான் இருக்கும். இப்ப என்ன, நெல்லை ஏத்திக்கிட்டு அவரே டிராக்டர் ஓட்டிட்டு வரணுமா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. எழில்மொழி சிரிக்கவில்லை. வசந்தகுமாருக்கு உள்ளே எங்கோ இதமாக இருந்தது.

தூறல் விழுந்தது. தார்ப்பாய் கேட்டுக் கூச்சல் எழுந்தது. ஹாஜா மைதீனின் கார் வந்து நின்றது.

“யாரு வரைஞ்சது இத?”

“நான்தான் பாய்.”

“குத்தகைக்காரன் இல்லாத ஊரா இது? யார்கிட்டயும் கேக்கலையாம்மா நீ?”

எழில்மொழி திரும்பி வசந்தகுமாரைப் பார்த்தாள். ஒரு நொடி. சொல்லப்போகிறாள். சொன்னால் தலைமை போகும், வேலையும் போகும்.

“ஒருத்தர்கிட்ட கேட்டேன் பாய். அதோட நிறுத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்.”

யார் அந்த ஒருவர் என்று முதலாளி கேட்கவில்லை. நெல் நனைந்துகொண்டிருந்தது.

“தம்பி வசந்து, இனிமே தலைமை நீங்கதான். அந்தப் புள்ள உங்களுக்குக் கீழ. மொதல்ல இந்தக் கேட்டைத் தொறங்க.”

ஆறு மாதமாக அவன் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது அவன் கண் எழில்மொழியின் முகத்தில் இருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு டிராக்டர் வரிசையை நோக்கி நடந்துவிட்டாள்.

வசந்தகுமார் போனில் அந்தப் பெயர் விதியை நிறுத்தினான். இரண்டு நிமிட வேலை. கேட் திறந்தது. பிறகு அவள் பின்னால் ஓடினான்.

“ஏன் என் பேரைச் சொல்லல?”

“சொன்னா ரெண்டு பேரும் நின்னு வாதாடிக்கிட்டு இருந்திருப்போம் சார். மூட்டையில தண்ணி இறங்கியிருக்கும்.”

“எனக்குத் தெரிஞ்சுதான்...” என்று ஆரம்பித்தான்.

“புரிஞ்சுது சார். நேத்தா இருந்தா தெரியாமச் சொல்லிட்டீங்கன்னு நினைச்சிருப்பேன். இப்ப உங்க முகத்தைப் பாத்தேன்.” குரலில் கோபம்கூட இல்லை. “உங்களுக்குக் கீழ வேலை செய்யுறதுல எனக்கு ஒண்ணுமில்ல. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுறேன். ஆனா எதையும் உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டேன்.”

அவள் சாமிதுரையின் டிராக்டர் மட்கார்டில் நோட்டை வைத்தாள். “ஐயா, குத்தகைன்னா கையில சீட்டு ஏதாவது இருக்குமா, இல்ல வாய்ப்பேச்சுதானா?”

“எங்க தாத்தா காலத்துப் பேச்சும்மா அது” என்று சாமிதுரை ஆரம்பித்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் இறங்கி வந்து ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். மூன்றாவது ஆள் அவள் தலைக்கு மேல் குடை பிடித்தார். யாரோ எதையோ சொல்ல, எழில்மொழி சிரித்தாள்.

அடுத்து அவள் வாரிசுகளைப் பற்றிக் கேட்டாள். அதற்கடுத்து மடத்து நிலத்தைப் பற்றி. புதுத் தலைமை ஆர்க்கிடெக்ட் வசந்தகுமார் நான்கடி தள்ளித் தூறலில் நின்றான். அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவனுக்குப் பதில் தெரியும்.