மறைந்த தலை – 1

1

இந்தக் கதையை நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. துணி தைக்கக் கொடுக்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் என் மனைவி இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். சொல்லச் சொல்ல, அவள் கதையில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் அவள் பக்கத்து ஆள் என்றால் இப்போதே எழுந்து போகலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'புகை சூழ்ந்த அந்தக் கூடத்தில்...'

புகையே இல்லை. பொய். விட்டுவிட்டேன்.

அப்புறம் இப்படி: 'வரைபடம் என்பது மனிதன் தன் வீட்டை மேலிருந்து...' எழுதிய எனக்கே புரியவில்லை.

சரி, நடந்ததையே சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் தையல் கூடம். ஆறு பெண்கள் மிஷினில் குனிந்து தைப்பார்கள். பின்னால் தகரக் கொட்டகையில் என் மனைவி நின்றுகொண்டு துணி வெட்டுவாள். கூரைக்கு அடியில் வெள்ளை அட்டை அடித்து மறைத்த முன்னறையில் நான் உட்கார்ந்திருப்பேன். (என்ன வேலை என்று கேட்காதீர்கள். உட்கார்ந்திருப்பேன்.)

தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கிற குழாய் கூரையில் ஓட வேண்டுமாம். அதற்கான வரைபடத்தில் வீட்டுக்காரன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் தீயணைப்புத் துறைக்காரர்கள் வந்து கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். வீடு என் பெயரில். வரைபடக்காரர் கொண்டுவந்தார். எனக்குப் புரியட்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருந்தார்:

தையல் கூடம்: தொங்கும் தலை – 6
வெட்டும் அறை: நிமிர்ந்த தலை – 1
முன்னறை: மறைந்த தலை – 1

இப்போது சொல்லுங்கள். குனிந்து தைக்கிறவர்கள் ஆறு பேர். யாருக்கும் தலை வணங்காதவள் ஒருத்தி. கணக்கு சரியாக இருக்கிறது. முன்னறையில் யார்?

3

"யாருப்பா மறைஞ்சது?"

"யாரும் இல்லீங்க ஐயா. தண்ணி தெளிக்கிற முனையத்தான் தலைன்னு சொல்வோம். கீழ பார்த்து இருந்தா தொங்கும் தலை, மேல பார்த்து இருந்தா நிமிர்ந்த தலை. உங்க ரூம்ல மட்டும் மறைஞ்சிருக்கும்."

"எங்க?"

"மேல."

"மேல. நீயே சொல்லிட்ட."

"ஐயோ, சீலிங்குக்கு உள்ள ஐயா. மூடி போட்டிருக்கும்."

"மூடாம விடுவாங்களா?"

"சூடு பட்டா மூடி கழண்டு விழுந்துரும். தலை வெளிய வந்துரும்."

"மறைஞ்சதுக்கு அப்புறமுமா?"

கூடத்தில் 'பாபின்' என்று நாங்கள் கூப்பிடுகிற பெண் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "மாமா, எங்களத் தொங்கவிட்டிருக்காங்க. நாங்க ஏதாவது கேட்டோமா?"

என் மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள். "என்னங்க, உங்க ஒரு தலைக்காக ஏழு பேரு பொழப்பு போகணுமா? போடுங்க கையெழுத்த."

"மறைந்தன்னு போட்டிருக்குடி. என் கையாலயே கையெழுத்து வாங்கறான் பாரு."

"ஒரு எழுத்த மாத்திடறேன் ஐயா," என்றார் வரைபடக்காரர். "மறைத்த தலைன்னு போட்டுடலாம்."

"மறைத்ததா? யாரு மறைச்சது? எதுக்கு மறைச்சான்?"

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

4

வரைபடக்காரரை நான் முதலில் 'திருட்டு முழி முழிக்கிற' என்றுதான் எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "அந்தப் பிள்ளை தண்ணி கூடக் குடிக்காம விளக்கிச்சு, அத எழுதுங்க," என்றாள். எழுதிவிட்டேன். ஆனால் முழி முழிதான்.

இன்னொன்று. அவர் சொன்னது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. (இதை அவளிடம் சொல்லாதீர்கள்.) புரிவது வேறு, கையெழுத்து வேறு. காகிதத்தில் இருப்பதைத்தான் நாளைக்கு நாலு பேர் படிப்பார்கள். பக்கத்தில் நின்று விளக்க அந்தப் பிள்ளை இருக்காது.

5

முடிவுகள்.

(அ) கையெழுத்துப் போடுகிறேன். மறுநாளே நெஞ்சு அடைக்கிறது. "அவரே எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனாரு," என்று அவள் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறாள். நல்ல முடிவு. எனக்கு வேண்டாம்.

(ஆ) போடவில்லை. பூட்டுகிறார்கள். ஆறு பேரும் வேறு இடம் பார்த்துப் போகிறார்கள். அவள் வெட்டுமேசை முன்னால் நிற்கிறாள், துணி இல்லை, கத்தரிக்கோலை... இதற்கு மேல் எழுத வரவில்லை.

(இ) கதை என்றால் தீ வேண்டும் அல்லவா? வைத்தேன். கூடத்து மூலையில், துணி மூட்டையில். 'புகை மெல்ல எழும்பியது. கூரையில் இருந்த தலை...' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன். எந்தத் தலை? நான்தான் இன்னும் கையெழுத்தே போடவில்லையே. குழாய் ஏது, தண்ணீர் ஏது? எழுதிய தீ காகிதத்தில் அப்படியே நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடுகின்றன. "நூல் அறுந்துபோச்சுக்கா," என்கிறது பாபின். "கோத்துக்கோடி," என்கிறாள் இவள்.

அந்த வரிகளைக் காகிதம் கிழியும் அளவுக்கு அடித்துவிட்டேன்.

அதன் பிறகு என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் ஜெயித்தாளா நான் ஜெயித்தேனா என்று ஆரம்பிப்பீர்கள். வேண்டுமென்றால் மாதம் முடிந்ததும் நேரில் வாருங்கள். கூடத்துக்குள் இவள் யாரையும் விடமாட்டாள். முன்னறையில் என்னோடுதான் உட்கார வேண்டும். அண்ணாந்து பாருங்கள். வெள்ளைக் கூரை. மாட்டியிருந்தாலும் வெள்ளை மூடி, ஒன்றும் தெரியாது. மாட்டாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

காதைத் தீட்டிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சத்தம் கேட்கிறது என்று பாருங்கள். கேட்டதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.