இடப்பக்கம் சாய்ந்த கத்தி

மதிவதனியிடம் ஏழு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. அதை மட்டும் சொல்லித் தொலைக்காதே என்று ராமாயி காலையிலிருந்து மகளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் தண்டைக் கீறிப் புழு பார்க்கிற வேலைக்கு ஒரு கத்தி போதாதா? போதாதாம். போன தடவை வந்த வரன், "பொழுதுபோக்கு என்ன?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டான். இவள் மேசை டிராயரையே உருவிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தவர்தான், அப்புறம் ஒரு போன்கூட இல்லை.

"இன்னிக்கு வாயைத் திறந்தே, நான் மனுசியா இருக்க மாட்டேன்டி!"

"சத்தியமா திறக்கலம்மா. ஆனா இதான் கடைசி. இதுக்கப்புறம் யார் முன்னாடியும் காபித் தட்டோட நிக்க மாட்டேன்." ஒரு டிராயரைப் பார்த்துவிட்டுத் தன்னை வேண்டாமென்று போனது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

மன்னார்குடியிலிருந்து வந்த இளம்பரிதி, மாட்டு டாக்டர். அம்மாவும் பிள்ளையும் மட்டும் காரில் வந்து இறங்கினார்கள். அவன் சட்டை முதுகில் வைக்கோல் ஒட்டியிருந்தது. வழியில் யார் வீட்டு மாட்டையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறான். மதிவதனிக்கு அது பிடித்துப்போயிற்று. வாயைத் திறக்காமல் காபி கொடுத்தாள்.

அவர்கள் கொண்டுவந்த ஸ்வீட் பெட்டியில் கடைக்காரன் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தான். அப்பா ஐயாவு கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் இளம்பரிதி பாக்கெட்டிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்தான். மடக்கினான்.

சர்ரக்.

மதிவதனிக்குப் பல் கூசியது. பிளேடு நடுவில் இறங்காமல் பக்கத்துத் தகட்டை உரசுகிற சத்தம். 'வேணாம்டி' என்று ராமாயி கண்ணாலேயே கெஞ்சினாள். மதிவதனி உதட்டைக் கடித்தாள். காலண்டரைப் பார்த்தாள். எங்கே முடிகிறது!

"பிளேடு இடது பக்கம் சாயுதுங்க."

ராமாயி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மூணு வருசமா சாயுதுங்க!" என்றான் இளம்பரிதி, சொல்லி அழ ஆள் கிடைத்த சந்தோஷத்தில். "ஸ்க்ரூவை இறுக்கினா திறக்கவே மாட்டேங்குது. தளர்த்தினா லொடலொடன்னு ஆடுது."

"ஸ்க்ரூ மேல தப்பில்லைங்க. உள்ள வாஷர் வளைஞ்சிருக்கும். தட்டி நிமித்தினா போதும். குடுங்க."

"கையில குடுக்காதடா, இரும்பு!" என்று அவன் அம்மா பதறினார். "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல!"

அவன் டீப்பாயில் வைத்தான். அவள் எடுத்துக்கொண்டாள். குட்டி ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்து கழற்றினாள். மிளகாய் விதை கனம்கூட இல்லாத வாஷர் விரலிலிருந்து நழுவி உருண்டு ஓடியது.

அவ்வளவுதான், வீடே தரையில் இறங்கிவிட்டது. ஐயாவு டார்ச் அடித்தார். பையனின் அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சோபாவுக்கு அடியில் துழாவினார். ராமாயி துடைப்பத்தோடு வந்தாள். மதிவதனி எழுந்து ஒரு அடி வைத்தாள். வலது உள்ளங்காலில் ஜில்லென்று ஏதோ பட்டது.

கெடைச்சிருச்சு என்று கத்தத்தான் போனாள். எடுத்தால் கத்தி சரியாகிவிடும். கார் கிளம்பும். "கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்பார்கள். போன தடவையும் அதைத்தான் சொன்னார்கள். இவன் போய்விடக் கூடாது என்று இருந்தது அவளுக்கு. காலையில் அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை அப்போதுதான் காப்பாற்றினாள். வாயைத் திறக்கவில்லை.

இளம்பரிதி தவழ்ந்துகொண்டே அவள் காலடிக்கு வந்தான். அழுத்தி ஊன்றியிருந்த கால்விரல்களைப் பார்த்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். போச்சு, மானம் போச்சு என்று அவள் காலை இன்னும் அழுத்தினாள்.

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "கெடைக்கலைங்க. கத்தி இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

"இதுக்காகவா இன்னொரு தடவை மன்னார்குடியிலேர்ந்து வருவே?" என்றார் அவன் அம்மா.

"நல்ல கத்திம்மா."

பெரியவர்கள் பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தார்கள். அவன் ஒரு நொடி பின்தங்கினான்.

"கார் கிளம்புற வரைக்கும் காலை எடுத்துடாதீங்க" என்றான்.

வழியனுப்ப வரச் சொல்லி ராமாயி வாசலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மதிவதனி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.