நிறுத்தாதீங்க, சித்தப்பா

பக்கவாதம் வந்து பேச்சைக் கொண்டுபோனபோது சுகுமாறனிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். ‘லோரி.’ தண்ணீர் வேண்டுமென்றாலும் லோரி, தலை வலித்தாலும் லோரி, மகளைக் கூப்பிடவும் லோரி. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலையாக இருந்தது. மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. நினைத்தது ஒன்றாகவும் வாயில் வந்து விழுவது இன்னொன்றாகவும் இருப்பது அவர் காதுக்கே கேட்டது. அதனால் மெல்ல மெல்ல வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

அவர் பாடும் குரலை நம்பித்தான் ‘ஏழாங்கட்டை’ இருந்தது. குடும்பமும் கூட்டாளிகளும் சேர்ந்து ஆசைக்கு நடத்திய இசைக்குழு. வீடு ஏழாங்கட்டையில், அதாவது ஏழாவது மைலில், இருந்ததால் அந்தப் பெயர்; சுகுமாறன் குரல் எட்டுகிற உயரத்துக்காக வைத்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. தம்பி லோகேஸ்வரன் கித்தார், மகள் பிரேமலா பேஸ் கித்தார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சரண் டிரம்ஸ். பிறந்தநாள், கோயில் விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். நல்ல சாப்பாடு போட்டால் போதும்.

அண்ணன் விழுந்ததும் லோகேஸ்வரன் கித்தாரைப் பையில் போட்டு அலமாரிக்கு மேலே தள்ளிவிட்டான். ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலையில் நாள்கள் ஓடின. மாதங்கள் கழித்து ஒருநாள் அண்ணி கலாவதி போனில் கூப்பிட்டார்.

“லோகா, ஞாயித்துக்கெழம கித்தார எடுத்துக்கிட்டு வா. சரணையும் வரச் சொல்லிட்டேன்.”

“எதுக்கு அண்ணி? அண்ணன் முன்னால நாங்க வாசிச்சா அவரு மனசு என்னா பாடுபடும்?”

“இப்ப மட்டும் நல்லாவா இருக்கு? வீடே சத்தமில்லாம கெடக்குது. வா லா.”

போனான். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவர்கள் இரண்டு பழைய பாட்டுகளை வாசித்தார்கள். பிரேமலா தணிந்த குரலில் பாடினாள். சுகுமாறன் யாரையும் பார்க்கவில்லை. சாலையில் போகும் மோட்டார் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது தப்பு என்று லோகேஸ்வரனுக்குப் பட்டது.

அடுத்து எதை வாசிப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவன் விரல்கள் தாமாகவே ஒரு முன்னிசைக்குப் போயின. சுகுமாறன் லோரி ஓட்டும்போது கட்டிய பாட்டு அது. இந்தக் குழுவைத் தவிர வேறு யாரும் பாடியதில்லை. குரல் வரவேண்டிய இடம் வந்தது. பிரேமலா மூச்சை இழுத்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் வேறொரு குரல் எழுந்தது.

“செம்பனைக் காட்டுல சாயுதடி நேரம்,
சீக்கிரமா வந்துருவேன், ஏழு கட்டை தூரம்…”

சுகுமாறன் பாடிக்கொண்டிருந்தார்.

வாயின் ஒரு ஓரம் கோணித்தான் இருந்தது. குரல் கரகரத்தது. ஆனால் சொற்கள் முழுசாக வந்தன. ‘ஏழு’ என்பதில் அந்த ழகரம்கூட முன்பு போலவே சுத்தமாக விழுந்தது. தண்ணீர் என்று கேட்க முடியாத மனிதர் வரிக்கு மேல் வரியாகப் பாடிக்கொண்டு போனார். சரண் குச்சியைத் தூக்கிய கையோடு அப்படியே இருந்தார். சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்த கலாவதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டின் கடைசி வரி நெருங்கியது.

“நிறுத்தாதீங்க, சித்தப்பா,” என்றாள் பிரேமலா. மூச்சுக்கு மேல் அந்தக் குரல் எழவில்லை.

லோகேஸ்வரனுக்கும் அதே பயம்தான். கித்தார் நின்றால் அந்தக் குரலும் போய்விட்டால்? திரும்ப முன்னிசைக்குப் போனான். அண்ணனும் கூடவே வந்தார். வாசிக்காமல் கிடந்ததில் விரல் நுனிகள் மென்மையாகிப் போயிருந்தன. கம்பி சதையை அறுத்தது. அவன் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று, அதற்கும் மேல் இன்னொரு சுற்று. கடைசியில் சுகுமாறனே இடது கையைத் தூக்கினார். மேடையில் பாட்டை முடிக்க அவர் எப்போதும் காட்டும் சைகை.

கித்தார் நின்றது.

“என்னங்க,” என்றார் கலாவதி, “நீங்க பாடுனீங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “லோரி.”

பிரேமலா அழுதுவிட்டாள். அவரோ சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர்கள் பார்க்காத சிரிப்பு.

கலாவதி என்ன நினைத்தாரோ, அதே மெட்டில் பாடினார்: “என்ன வேணும் ஒங்களுக்கு, என்ன வேணும் சொல்லுங்க…” லோகேஸ்வரன் அவசரமாகச் சுருதியைப் பிடித்தான். சுகுமாறனின் உதடுகள் தேடின. “த… தண்ணி…” பிறகு மெட்டோடு, “தண்ணி வேணும்.” கலாவதி கொண்டுவந்த தண்ணீரை அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அந்த வாரம் கித்தாரையும் எடுத்துக்கொண்டு போய், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் வசந்தினியிடம் சொன்னார்கள்.

“இது நடக்கிறதுதான்,” என்றார் அவர். “பேசுறதுக்கு மூளையில ஒரு பக்கம் முக்கியம். பாட்டுக்கு மறுபக்கமும் கைகொடுக்கும். அவருக்கு அந்த வழி தெறந்திருக்கு.” பிறகு, “ஒரு தடவ வாசிங்களேன், கேக்குறேன்,” என்றார்.

அந்தச் சின்ன அறையில் சுகுமாறன் பாடினார். வசந்தினி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு முடிந்தும் கொஞ்ச நேரம் அதை எடுக்கவில்லை. “படிச்சிருக்கேன்,” என்றார். “நேர்ல கேக்குறது வேற.”

காரணம் தெரிந்த பிறகும் லோகேஸ்வரனின் வியப்பு குறையவில்லை. பாடுகிறவருக்குப் பின்னால் நடப்பதுதான் கித்தாரின் வேலை என்று இத்தனை காலம் நினைத்திருந்தான்; இப்போது கித்தார்தான் முன்னால் போய் அந்தக் குரலைக் கூட்டிவந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்குக் காரை ஓட்டிப்போகும் வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிறுகள் தொடர்ந்தன. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, பெரும்பாலும் மெட்டைப் பிடித்துக்கொண்டுதான். மெட்டில்லாமல் வந்த முதல் சொல், காருக்குக் குறுக்கே பாய்ந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கு விழுந்த கெட்ட வார்த்தை. கலாவதி கைதட்டினார். எல்லாம் திரும்பாது என்று வசந்தினி ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

சுங்கை புரோங் மண்டபத்தில் பிரேமலாவுக்கும் திவாகரனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. விவரம் தெரியாத மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர், “பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்த பேசணும்,” என்று மைக்கைக் கொண்டுவந்து சுகுமாறன் கையில் கொடுத்துவிட்டார்.

கலாவதியின் முகம் வெளுத்தது. விருந்தில் வாசிக்கக் கொண்டுவந்திருந்த கித்தாரை லோகேஸ்வரன் எடுத்து ஒரே ஒரு முறை மீட்டினான். அண்ணன் அவனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

“எல்லாரும்… எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க… எம் மகள வாழ்த்திட்டுப் போங்க…”

அவர் பாடினார். அது அவர்கள் பாட்டின் மெட்டு இல்லை. யாரும் இதுவரை கேட்டிராத மெட்டு. அந்த நிமிடத்தில் அவருக்குள்ளிருந்து புதிதாக வந்துகொண்டிருந்தது. அடுத்து அது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, லோகேஸ்வரன் அதன் பின்னால் போனான்.