வர்றேன் மச்சான்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாயைத் திறந்தாலே வம்பு. இந்த முறை ஒரே ஒரு சொல், பதினான்கு மாதச் சிறையில் கொண்டுபோய் விடப் பார்த்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஏதோ வாய்த்தகராறில் மனைவியின் அண்ணனை ஸ்பானரால் அடித்துக் கையை முறித்தவன் அவன். நீதிமன்றம் உள்ளே தள்ளாமல் நன்னடத்தையில் விட்டது. மச்சானை நெருங்கக் கூடாது, மிரட்டக் கூடாது, மீறினால் சிறை. அன்றிலிருந்து இருக்கிற இடம் தெரியாமல் இருந்தான். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட்டைச் சரிபார்த்துவிட்டுக் கதவைத் திறந்தால், எதிரே மச்சான். கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வர்றேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிவிட்டான். அதைத்தான் மச்சான், 'வருவதாகச் சொல்லி மிரட்டினான்' என்று புகார் கொடுத்தான். நன்னடத்தை அதிகாரியும் அதை அப்படியே நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டார்.

இலவச சட்ட உதவி அறையில் வக்கீலம்மா புகாரை இரண்டு முறை படித்தாள்.

"எதுக்குப்பா அப்படிச் சொன்னே?"

"கிளம்பினேன். கிளம்புறப்ப வேற என்னம்மா சொல்றது?"

"போறேன்னு சொல்லியிருக்கலாமே."

"போறேன்னு யாராவது சொல்வாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குச் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"கேஸ் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் அந்த வார்த்தையைச் சொல்லாதே. எவன் எதை எழுதி வைப்பான்னு தெரியாது" என்றாள். தலையாட்டினான்.

விசாரணையன்று மச்சான் கூண்டில் ஏறி, கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி, அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினான். மகா நடிப்பு. கேட்டவர்களுக்குக் குலை நடுங்கியிருக்கும். வக்கீலம்மா குறுக்கே எதுவும் கேட்கவில்லை. ஆச்சு, நம்ம கதை முடிஞ்சுது என்று மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மச்சான் கூண்டைவிட்டு இறங்கினான். நீதிபதியைப் பார்த்துப் பவ்யமாகக் குனிந்தான்.

"அப்ப நான் வர்றேங்கய்யா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வக்கீலம்மா எழுந்தாள்.

"ஐயா, இப்ப இவர் உங்களை மிரட்டிட்டுப் போறாரா?"

நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் மச்சானை நிறுத்தி வைத்து, புகாரை இன்னொரு முறை படித்தார். அன்று மாலையே அது தள்ளுபடியானது.

வாசலில் மனைவி அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அவனுக்கு அழுகையும் வரவில்லை.

மறுநாள் காலை கருவிப்பெட்டியோடு கதவருகே நின்றான். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் வாய் வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

"போறேன்" என்றான்.

அவள் முகம் வெளுத்தது. "என்னங்க இது? கேஸ்தான் முடிஞ்சிருச்சே. வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."

அவன் மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினான்.