கறவை நேரத்துக் கூட்டம்

சங்கத் தலைவர் மெர்வின் வாயைத் திறந்தபோதே கிளெனிசுக்கு எரிச்சலாக வந்தது. ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லேண்டில் அந்த மழைக்கால மதியம், கூட்டுறவுப் பால் சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஊர் மண்டபத்தில் ஈர பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். பால் தொழிற்சாலையை நகரத்துக் கம்பெனிக்கு விற்பதா வேண்டாமா என்று ஓட்டு. விற்றுவிட்டால் பால் லாரி அவளுடைய மலைப்பாதைக்கு ஏறாது. லாரி வராவிட்டால் மாடுகளை விற்றுத் தொலைக்க வேண்டியதுதான்.

சட்டென்று ஓட்டெடுப்பை முடிக்கலாம். மெர்வின் விட்டால்தானே! இங்கிலீஷில் நீளத்தைச் சொல்ல எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையையும் ஜவ்வாக இழுத்தார். 'இயர்ஸ் ஆன் எண்ட்' என்றார், 'இன் தி லாங் ரன்' என்றார், பேச்சுவார்த்தை 'ஆன்கோயிங்', இன்னும் முடியாமல் தொடர்கிறது என்றார்.

"யாரும் அவசரப்பட வேணாம். மாடுங்க வீடு திரும்புற வரைக்கும்கூடப் பேசலாம்," என்று சிரித்தார். முடிவில்லாமல் இழுப்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பேச்சு அது. கூட்டமும் சிரித்தது.

மணி மூன்றரை. பக்கத்துப் பண்ணை பெவன் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட? ஓட்டு போடலையா?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"கறவை நேரமாச்சுக்கா. மடி கட்டிக்கும். நீ பார்த்துக்கோ."

அவன் பின்னாலேயே இன்னும் சிலர் எழுந்தார்கள். நகராமல் இருந்தது முன்வரிசை மட்டும்தான். மாடுகளை என்றைக்கோ விற்றுவிட்டு, சங்கத்துப் பங்கை மட்டும் விடாமல் வைத்திருப்பவர்கள். தொழிற்சாலை விலைபோனால் அவர்களுக்குக் கொண்டாட்டம். மெர்வின் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்து மறுபடி ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அடப்பாவி! இவன் வளவளவென்று பேசவில்லை, நேரம் பார்த்துப் பேசுகிறான். காலமெல்லாம் மாடு கறந்தவனுக்கு, கறவைக்காரன் எப்போது எழுந்து போவான் என்று தெரியாதா? சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

விறுவிறுவென்று போய் வாசலை மறித்து நின்றாள்.

"எவனும் போகாதீங்கடா! ஒரு சாயங்காலம் கத்தினா மாடு செத்துடாது. இப்ப போனீங்கன்னா, அப்புறம் கறக்க மாடே இருக்காது."

"கிளெனிஸ், உக்காரும்மா. நான் இன்னும் முடிக்கல," என்றார் மெர்வின்.

"நீ எங்கய்யா முடிப்ப? நாங்க போற வரைக்கும் முடிக்க மாட்ட. மாடுங்க வீடு திரும்பியாச்சு மெர்வின். கேட்டுல நின்னு கத்துதுங்க. ஓட்டை எடு!"

பெவன் அவளைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். "எடுய்யா ஓட்டை!" என்று பின்வரிசை மொத்தமும் கூச்சல் போட்டது. மெர்வின் முகம் செத்துப்போயிற்று. கைகள் உயர்ந்தன. விற்பனை தோற்றது.

தாள்களை அடுக்கிக்கொண்டே, "இந்த விவாதம் ஆன்கோயிங்," என்றார் அந்த மனுஷன். காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மாடுகள் கொட்டகை வாசலில் முட்டிமோதிக் கதறின. கல்லாகிப்போன மடிகளிலிருந்து பால் தானாகச் சொட்டிச் சேற்றில் கலந்தது. கிழட்டுப் பசு ரோசி, கை பட்டதுமே காலை உதறியது.

"பொறுத்துக்கடி கண்ணு," என்று வெந்நீர்த் துணியால் மடியை ஒற்றினாள். ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. இந்தக் கதறலை நம்பித்தானே மெர்வின் பேசிக்கொண்டே இருந்தான் என்று நினைத்ததும், துணியை மறுபடி வெந்நீரில் முக்கி முறுக்கிப் பிழிந்தாள்.