இருக்கிற கார்டைக் காணோம்

கம்ப்யூட்டருக்கு வாய் என்று ஒன்று இருந்தால் தமிழினி அந்த வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். பின்னே என்ன? படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஃபேன் சுற்றுகிற சத்தம் காதில் விழுகிறது. அதை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமை இன்ஸ்டால் பண்ணப் போனால் மட்டும், 'பொருத்தமான கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் இதில் இல்லை' என்று கூசாமல் சொல்கிறது.

புது டிரைவர் போட்டாள், இல்லை என்றது. பழைய கார்டாயிற்றே, பழைய டிரைவர்தான் ஒத்துப்போகுமோ என்று அதையும் தேடிப் பிடித்துப் போட்டாள். அதற்கும் அதே பதில். சேஃப் மோடில் போய் எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு, புரோகிராம் எழுதுகிற டூல்களையே வேறு வெர்ஷனில் முதலிலிருந்து ஏற்றினாள். விடிந்ததிலிருந்து இதே கூத்துதான். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அவள் தவித்ததற்குக் காரணம் இருந்தது. மகள் பிறந்தபோது விட்ட வேலை. அப்புறம் விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம், இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சென்னையில் ஒரு சின்ன கம்பெனி மட்டும் அந்தக் கேள்வியே கேட்காமல், வெயில் பட்டு மினுங்குகிற கடலலையை கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுங்கள், பார்ப்போம் என்றது. எழுதி முடித்துவிட்டாள். அது ஓடுகிற வீடியோவை இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். கார்டு இல்லாமல் ஓட்டினால் அலை ஆடி அசைந்து, எழும்பலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எழும்பியது. அதை அனுப்புவதற்கு அனுப்பாமலே இருக்கலாம்.

கார்டை வாங்கி வந்தது அவள் புருஷன் பூவரசன். கடலூர் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், பெண்டாட்டி அதன் முன்னால் உட்கார்ந்து தட்டினால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதுதான். அவள் கேட்ட மாடலைப் பாண்டிச்சேரி முழுக்க அலைந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்து, தன் கையாலேயே மாட்டி, சிபியுவை இறுக்கி மூடி, திறந்தால் உப்புக்காற்று புகுந்துவிடும், தொடாதே என்று உத்தரவும் போட்டிருந்தான்.

இந்தப் பாவி மனுஷனை எவனோ ஏமாற்றிவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது? அந்தக் கார்டைக் கொடுத்தபோது அவன் முகம் இருந்த இருப்பை அவள் பார்த்திருக்கிறாள். அவன் துறைமுகத்தில் இருக்கும்போதே, மத்தியானமாகக் குழந்தையை மாமியார் அமிர்தத்திடம் விட்டுவிட்டு, சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். புதுச்சத்திரம் தாண்டுகிறவரை எல்லா சாமியையும் வேண்டினாள். அதற்குப் பிறகு எல்லா சாமியையும் திட்டினாள்.

சிதம்பரத்தில் அவள் தம்பி செந்தமிழ்செல்வன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். ஆதார் பிரிண்ட்டும் பரீட்சை விண்ணப்பமும்தான் அங்கே பிழைப்பு. அவன் மெஷின்களில் அவள் புரோகிராம் ஓடாது. ஆனால் திறந்து மூடத் தெரிந்தவன். ஸ்க்ரூக்களை மல்லுக்கட்டிக் கழற்றி, கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். சிபியுவுக்குள் சொருகுகிற தங்க நிறப் பல்வரிசை முழுக்கக் கெட்டியாக கிரீஸ்.

"எந்த மடையன்க்கா இது? பரோட்டாவுக்குத் தடவுறாப்ல தடவி வெச்சிருக்கான்."

"நான்தான் மச்சான்."

வாசலில் பூவரசன் நின்றுகொண்டிருந்தான். சாப்பிட வீட்டுக்கு வந்தவனிடம், உன் பெண்டாட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியோடு அம்மா ஊருக்குப் போய்விட்டாள் என்று அமிர்தம் சொல்லியிருக்கிறாள். கோபித்துக்கொண்டுதான் போய்விட்டாளோ என்று பயந்து, கை கழுவாமல்கூட பைக்கை எடுத்து, வழியில் மச்சான் சென்டரில் எட்டிப் பார்த்திருக்கிறான். செல்வன் நாக்கைக் கடித்துக்கொண்டு, மாமாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

பூவரசனைச் சொல்லியும் குற்றமில்லை. போட்டில் பேட்டரி முனைக்கு கிரீஸ் வைக்காமல் விட்டால், உப்புக்காற்று அதைப் பச்சை பூக்க வைத்துத் தின்றுவிடும். கரண்டு ஓடுகிற எந்த இரும்பையும் பித்தளையையும் அங்கே வெறுமனே விடமாட்டார்கள். பிச்சாவரம் பக்கம் போட் ஓட்டிய தமிழினியின் அப்பாவும் அப்படித்தான் செய்தார். ஆனால் பேட்டரியில் நட்டை இறுக்கினால் கிரீஸ் பிதுங்கி வழிவிடும். இந்தப் பொடிப் பற்களில் அது நடுவில் குந்திக்கொண்டு எதையும் போக விடாது. ஃபேனுக்கு மட்டும் தனி ஒயரில் கரண்டு வந்ததால் அது பாட்டுக்குச் சுற்றியிருக்கிறது. அவள் டிரைவர் டிரைவராகத் தேடி அலைந்திருக்கிறாள்.

"செத்துப்போச்சா?" என்று கேட்டான் பூவரசன்.

தமிழினி கார்டைத் தம்பியிடமிருந்து வாங்கினாள். துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். பக்கத்துக் கடையில் பென்சில் ரப்பர் வாங்கிவந்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். சொருகுகிற பள்ளத்தைச் செல்வன் பிரஷ் விட்டுக் குடைந்தான். பூவரசன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மணி ஐந்து தாண்டியிருந்தது. அவனைப் பார்க்க அவளுக்குக் கோபமும் வந்தது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. தம்பி இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

ஸ்பிரிட் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டி ஆன் செய்தார்கள். டிரைவரை இன்ஸ்டால் கொடுத்தாள். இந்தத் தடவை இல்லை என்று சொல்லவில்லை. பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது, திரை ஒரு தடவை இருண்டு திரும்ப வந்தது. அவள் தன் புரோகிராமைத் தட்டினாள். கடல் எழுந்தது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு அலை மேல் அலையாக, தங்குதடையில்லாமல் வந்தது. பூவரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் கிரீஸ் ஆனது.

வீடியோ நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. செல்வன் வாங்கிவந்த டீயைக் குடிப்பதற்குள் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், எப்போது சேர்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாளைக்கே என்றாள் தமிழினி. வெட்கப்படாமல் அழுதாள்.

பூவரசனுக்கு மட்டும் ஒரு கவலை மிச்சமிருந்தது. சிபியுவைத் துண்டில் சுற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"கிரீஸ் இல்லாம வெச்சா உப்பு தின்னுடுமே தமிழு?"

"தின்னா தின்னட்டும்ங்க. அதுக்குள்ள நான் நெறைய வேல பாத்துடுவேன். நானும் அதுவும் சும்மா பத்திரமா கெடந்தது போதும்."

அவன் துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டான். "வீணாப் போச்சுன்னா சொல்லு, வேற வாங்கியாறேன்" என்றான்.

"அத நான் வாங்கிக்கறேன்" என்றாள் தமிழினி. சிபியுவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.