பம்புக்கு ஈரத்துணி

ரயில்வே கேட்டைத் தாண்டி இன்னும் வேகம்கூடப் பிடிக்கவில்லை, பிக்கப் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. தௌபிக் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினான். நடுவில் உட்கார்ந்திருந்த அமீருன்னிசா மகனைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரமாகச் சாய்ந்திருந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உசேன் நெஞ்சின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடியபடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சும்மா சும்மா திருப்பாதடா, பேட்டரி எறங்கிடும்," என்றார். "பைப்புல பெட்ரோலு ஆவியாயிட்டுது. பம்பு மேல இருக்கற துணிய நனைச்சு வுடு. ஆறுனா தானாப் புடிக்கும்."

தௌபிக் இறங்கினான். பானெட்டைத் தூக்கினான். தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

காலையில் வலி வந்தபோது உசேன் அதை வாயு என்றுதான் சொன்னார். இஞ்சியைத் தட்டிக் குடித்துப் பார்த்தார். முகத்தில் வேர்வை கொட்டுவதைக் கண்ட பக்கத்து வீட்டு மதியழகன் காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "அதுல ஏறுனா ஏசிய போடுவாரு, எனக்குச் சளி புடிக்கும்," என்று சொல்லிவிட்டுத் தன் பிக்கப்பிலேயே ஏறி உட்கார்ந்தார் மனுஷன். பாலக்கோடு ஆஸ்பத்திரி என்ன, கண்காணாத தூரமா. மாரண்டஹள்ளியிலிருந்து அந்த ரோட்டில் தக்காளியும் மாங்காயும் ஏற்றி அவர் ஓட்டாத நாள் கிடையாது.

வண்டி அவர் வாலிபத்தில் வாங்கியது, வாங்கும்போதே பழசு. அதை அவர் கவனித்த கவனிப்பில் பாதி தனக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று அமீருன்னிசா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். கேட் மூடியிருந்தால் எஞ்சினை நிறுத்திப் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார். வெயில் நாளில் டேங்கைக் காலையிலேயே நிரப்பிவிடுவார். பெட்ரோல் பைப் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகிற இடத்தில் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார். இப்போது வருகிற பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கிறது என்று அவருக்கு ஒரு கணக்கு. அதனால் இரண்டு வருடமாக எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கிற பம்பின் மேல் ஒரு துணியையும் சுற்றி, போகிற வழியெல்லாம் நனைத்துக்கொண்டே போவார். அது அமீருன்னிசாவின் பழைய பாவாடைத் துணி.

"எம் பாவாடைய ஊரு பூரா சுத்திக் காட்டுறீங்க," என்பாள் இவள்.

"பானெட்டுக்குள்ளாற எவன் வந்து பாக்கறான்," என்பார் அவர்.

இப்போது பானெட்டுக்குப் பின்னால் போன மகன் இன்னும் வரவில்லை. அமீருன்னிசா டிரைவர் பக்கமாக நகர்ந்து இறங்கிப் போய்ப் பார்த்தாள். எஞ்சின் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. கறையில்லை, தூசியில்லை. வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தது. சாக்கும் இல்லை, துணியும் இல்லை.

"பெங்களூருல பழைய வண்டிங்களுக்கு ஒரு ஷோ நடக்குதும்மா," என்று தௌபிக் உள்ளே கேட்காதபடி சொன்னான். ஓசூரில் கம்பெனி வேலை அவனுக்கு, லீவுக்கு வந்திருந்தான். "பேரு குடுத்திருந்தன். அத்தாவுக்குச் சொல்லாம வெச்சிருந்து காட்டலாம்னுதான் நேத்து எல்லாத்தையும் கழுவுனேன். அந்தத் துணி அழுக்கா எண்ணெயா இருந்துச்சு. எரிச்சுட்டன். பின்னாடி இருந்த தண்ணி கேனையும் கழுவறதுக்கு எறக்கி வெச்சேன், ஏத்தல."

கேட்டில் நின்றபோது உசேன் இரண்டு முறை சொன்னார், பானெட்ட தொறந்து வைடா, காத்து போவட்டும் என்று. இப்பத் தொறந்துடுவாங்க அத்தா என்று சொல்லிக்கொண்டே பையன் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. ஏன் அசையவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவனை அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

"துணி இருக்குதா?" என்று உள்ளேயிருந்து உசேன் கேட்டார்.

"இருக்குதுங்க," என்றாள் அமீருன்னிசா.

முந்தானையைப் பல்லால் கடித்து ஒரு முழத்துக்குக் கிழித்தாள். மகன் கையில் கொடுத்தாள். அவன் பம்பைச் சுற்றிக் கட்டினான், விரல் சுட்டது, கையை உதறிக்கொண்டு கட்டினான். காய்ந்த துணி என்ன செய்யும்? தண்ணீர் வேண்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னையும் வெறும் காடும். கேட்டில் உடன் நின்ற வண்டிகள் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தன. எதிரே பைக்கில் வந்த ஒருவர் உசேனின் வண்டியைக் கண்டதுமே நிறுத்தினார். தக்காளிக்காரர் சென்றாயன், உசேனுக்குப் பல வருடப் பழக்கம். அவரிடமும் தண்ணீர் இல்லை. உசேனின் முகத்தைப் பார்த்ததும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"முன்னால ஊருல கார் இருக்குதுங்க, கையோட கூட்டியாறன்," என்று வண்டியைத் திருப்பினார். தௌபிக் ஆம்புலன்ஸுக்குப் பேசினான். கிளம்பிவிட்டது, வரும் என்றார்கள்.

அமீருன்னிசா உள்ளே வந்து உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலை நிரப்பி மேசைமேல் வைத்தது நினைவிருந்தது. எடுத்தது நினைவில்லை. எடுக்கவில்லை. புறப்படுகிற அவசரத்தில் அவள் பீரோவைத் திறந்து வேறொன்றை எடுத்துப் பையில் போட்டாள். அந்த அவசரத்தில் இது தங்கிவிட்டது.

"தண்ணி இல்லியா?" என்றார் உசேன்.

"வரும்ங்க. சென்றாயன் போயிருக்காரு."

"உம் பையில ஒண்ணு இருக்குதே."

அது ஜம்ஜம் தண்ணீர். மக்காவுக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர் கொடுத்த சின்ன பாட்டில், பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தது. மூச்சுப் பிரிகிற நேரத்தில் வாயில் விடுவதற்கென்றே அப்படி ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருப்பார்கள். அதை எடுத்தாள் என்றால் என்ன நினைத்து எடுத்தாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வழியெல்லாம் காட்டிக்கொள்ளவே இல்லை.

"அது ஜம்ஜம்ங்க," என்றாள் கடைசியில்.

"எனக்குன்னுதான எடுத்தாந்த."

"ஆமாங்க."

"அப்பறம் என்ன. நான் சொல்ற எடத்துல ஊத்து."

கொஞ்சம் போல மீதி வைக்கலாம் என்றுதான் இறங்கினாள். முதலில் ஊற்றியது துணியில் பட்டதும் ஆவியாகப் போய்விட்டது. "கொஞ்சம் வெச்சுக்கம்மா," என்றான் தௌபிக். "புடிக்கலன்னா என்னடா பண்றது?" என்றாள். மறுபடி ஊற்றினாள். துணி நனைந்து பம்போடு ஒட்டியது. பைப்பின் மேலும் சொட்டினாள். பாட்டிலைக் கவிழ்த்து உதறினாள். பிஸ்மில்லா சொன்னோமா இல்லையா என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வண்டி பிடித்தது.

அவள் ஏறி உட்கார்ந்ததும் உசேன் கண்ணைத் திறந்தார். கிழிந்த முந்தானையைப் பார்த்தார். ஓரத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல பொடவயாச்சே," என்றார்.

அவ்வளவுதான். பிறகு தலையை இவள் தோளில் சாய்த்தார். பாலக்கோட்டுக்குள் நுழைகிற இடத்தில், "ஓட்டம் நல்லா இருக்குது," என்றது மட்டும் காதில் விழுந்தது. அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அமீருன்னிசா காதோரம் குனிந்து கலிமா சொன்னாள். வாயில் விடத் தண்ணீர் இல்லை. அவள் விரலில் மட்டும் ஈரம் இருந்தது, பெட்ரோல் நாற்றத்தோடு. அந்த விரலை அவர் உதட்டில் வைக்கலாமா என்று யோசித்தாள். அந்த யோசனையை நினைத்தால்தான் பிறகு நெஞ்சு எரிந்தது. வைத்தாள். உதடு லேசாக அசைந்தது, அல்லது வண்டி குலுங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முன்னமே வந்திருந்தால் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. வீடு நிறைந்துவிட்டது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவதற்கு முன்னால் உசேனின் அக்கா ஜைத்தூன்பீ உள் அறைக்கு வந்து அமீருன்னிசாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி போன துக்கத்தில் முகம் வீங்கியிருந்தது. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"ஜம்ஜம் எடுத்துட்டுப் போனியாமே."

"ஆமாக்கா."

"வாயில போச்சா?"

வாசற்படியில் நின்றிருந்த தௌபிக் தலையைத் தூக்கினான். அமீருன்னிசா அவனைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தன் பாரம் இறங்கும், பையன் தலையில் ஏறும். இந்த ஊரில் அது அவன் பேரன் காலம்வரைக்கும் இறங்காது.

"ஒதட்டுல பட்டுச்சுக்கா," என்றாள்.

"அல்ஹம்துலில்லா," என்று ஜைத்தூன்பீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அது போதும். அது போதும்டி." பிடித்திருந்த கையில் இன்னும் லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜைத்தூன்பீ எழுந்து போன பிறகு தௌபிக் கிட்டே வந்தான். குந்தி உட்கார்ந்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது திருடித் தின்றுவிட்டு இப்படித்தான் வந்து உட்காருவான்.

"அத்தாவுக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"எதுடா?"

"அந்தத் துணி. நான் எரிச்சது."

நல்ல பொடவயாச்சே. பம்பின் மேல் பழைய பாவாடை இருந்திருந்தால் இவள் ஏன் புடவையைக் கிழிக்கப்போகிறாள்? இருபத்தொன்பது வருடம் ஒரே எஞ்சினோடு வாழ்ந்தவருக்கு அந்தக் கணக்கு தெரியாதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? இல்லை, புடவை போய்விட்டதே என்று மட்டும்தான் சொன்னாரா? தெரிந்து மன்னித்துவிட்டுப் போனாரா, தெரியாமல் நிம்மதியாகப் போனாரா? இதில் எதை இந்தப் பிள்ளையிடம் சொல்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எதைச் சொன்னாலும் பாதி பொய்யாக இருக்கும்.

"வாசல்ல வண்டி நிக்குது," என்றாள். "சந்தூக்குப் பெட்டி வெளிய வர வழியில்ல. போயி நவுத்திப் போடு."

தௌபிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். சமையலறை வழியாகப் போனான். மேசைமேல் காலையில் அவள் நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. அவன் நின்று அதைப் பார்த்தான். கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அமீருன்னிசா இருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பிக்கப்பின் முன்பக்கம் தெரிந்தது. நாலு வீடு தள்ளி நிறுத்தத்தான் எடுக்கிறான். எஞ்சின் ஆறி எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஓரமாக நின்றிருந்த மதியழகன், "தள்ளிடலாம் தம்பி, நாங்க இருக்கோம்," என்றார். தௌபிக் காதில் வாங்கவில்லை. பானெட்டைத் தூக்கினான். பாட்டில் மூடியைத் திருகித் திறந்து, அவளுடைய புடவைத் துண்டின் மேல் மெதுவாக, சிந்தாமல், பாட்டில் காலியாகும்வரை ஊற்றினான்.